எங்கள் ஊர்ப் பல்

அக்டோபர் 14, செவ்வாய்

தக்காளி இரண்டாம் பறிப்பு. மழை ஈரத்தில் பாதிப் பழம் வெடித்துக் கிடக்கிறது. பாலக்கோடு மண்டிக்காரன் தக்காளிப் பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். வெடிப்பை நானா போட்டேன்? வானத்தைப் போய்க் கேட்கட்டும்.

ஓசூர்க் கம்பெனியிலிருந்து என் வீட்டுக்காரர் போன் செய்தார். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பைக்கில் கிளம்பிவிடுவாராம். வீடியோவில் வாங்க, மூஞ்சியைப் பார்த்து எத்தனை நாளாச்சு என்றேன். சிக்னல் இல்லை என்றார். ஓசூர் டவுனில் சிக்னல் இல்லையாம், இந்தப் பாப்பாரப்பட்டிக் காட்டில் கொட்டிக் கிடக்கிறதாம். "பொய் சொல்லவும் ஒரு தெறம வேணுங்க" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பை எப்போதும் தொண்டையிலேயே முழுங்குகிற மனிதர். போனஸ் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அவர் சிரிப்பை முழுங்குவதற்குக் காரணம் அவருடைய பல். அவர் என்ன செய்வார், இந்த ஊர் போர்வெல் தண்ணி அப்படி. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன் பிறந்த யார் வாயைத் திறந்தாலும் பழுப்புதான். என் வீட்டுக்காரருக்கு முன்பல் நாலிலும் வெல்லப்பாகு வழிந்து காய்ந்த மாதிரி பட்டை பட்டையாக இருக்கும். நான் மேட்டூர்க்காரி, காவிரி குடித்து வளர்ந்தவள். பெண் பார்க்க வந்த அன்று அவர் கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. சளி பிடித்திருக்கிறது என்று எங்கள் அம்மா கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

அந்தக் கறையைப் போக்க அவர் செய்யாததில்லை. உமிக்கரி, உப்பு, எலுமிச்சம்பழத்தில் சோடா உப்பு, வாழைப்பழத் தோல். ஒரு தடவை ஆன்லைனில் ஏதோ பிளாஸ்திரி வாங்கிப் பல்லில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றுக்கும் அசையவில்லை. பள்ளிக்கூட முகாமுக்கு வந்த டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "டீக் கறை, வெத்தலக் கறைன்னா மேல ஒட்டியிருக்கும், சுத்தம் பண்ணிடலாம். இது பல்லு உருவாகும்போதே உள்ள ஊறின கறை. தேய்க்காதீங்க, பல்லுதான் தேயும்." அன்றிலிருந்து ஊரே தேய்ப்பதை நிறுத்தியது. இது போகாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

என் மகள் ஹர்ஷிணி குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள், ஆறாவது படிக்கிறாள், பல் முல்லை மொட்டு. "தீபாவளிக்கு ஒனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கும்மா" என்கிறாள். புடவையா என்றால் இல்லையாம். அப்பனும் மகளும் என் போனிலேயே பேசி என்ன கூத்தடிக்கிறார்களோ.

அக்டோபர் 18, சனி

நாள் முழுக்க மழை. அதிரசத்துக்கு மாவு இடித்தாயிற்று. அவர் கிளம்பும்போது போன் செய்தார். ராயக்கோட்டை மெயின் ரோட்டிலேயே வாங்க, ஆத்தைத் தாண்டுற தரைப்பாலத்துப் பக்கம் தலை வைக்காதீங்க என்றேன். "சரி தாயே" என்றார். சரி என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். அவர் தம்பி முனிராஜ் விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு தேடிப் போயிருக்கிறான்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு நல்ல மனிதர். பெயர் தீர்த்தகிரி, வயது நாற்பத்தொன்று, கம்பெனி நீலச் சட்டை என்று எழுதிக்கொண்டே வந்து, "அடையாளம் சொல்லும்மா" என்றார். முன்பல்லில் பழுப்புக் கறை என்றேன். பேனாவை வைத்துவிட்டுத் தன் வாயைத் திறந்து காட்டினார். அவருக்கும் அதே.

"இந்தப் பக்கத்துல பாதிப் பேருக்கு இதாம்மா அடையாளம். வேற சொல்லு."

"அவரு பல்லு எனக்குத் தெரியும் சார். நூறு பேரு வாயத் தொறந்து நின்னாலும் எடுத்துடுவேன்."

எழுதிக்கொண்டார். ஊரெல்லாம் வெடிச்சத்தம். ஹர்ஷிணி வாங்கிய கம்பி மத்தாப்பைப் பிரிக்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

பைக் கிடைத்தது. தரைப்பாலத்துக்குக் கீழே மணலில் புதைந்து, ஒரு கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்ததாம்.

தலையில் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வழியாக வராதே என்று சொன்னேனே. அரை மணி நேரம் மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறார்? யாரைப் பார்க்க அவ்வளவு அவசரம்? வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

பைக் போனால் போகட்டும். அவருக்கு நீச்சல் தெரியும். எங்கேயாவது கரை ஏறியிருப்பார். தலையில் அடிபட்டு, பெயர் சொல்லத் தெரியாமல் ஏதாவது ஆஸ்பத்திரியில் கிடப்பார். அப்படி எத்தனையோ கேள்விப்படுகிறோம். அந்த மழையில் ஆற்றோடு போனவர்கள் இன்னும் சில பேர் இருக்கிறார்கள் என்று ஏட்டு சொன்னார். பாவம், யார் பெற்ற பிள்ளைகளோ.

அக்டோபர் 24, வெள்ளி

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி, எல்லா ஆஸ்பத்திரியும் பார்த்தாயிற்று. மாடு பால் குறைத்துவிட்டது. நேரத்துக்குத் தீவனம் வைக்காவிட்டால் அதற்கும் கோபம் வரும்தானே.

அக்டோபர் 27, திங்கள்

காலையில் போன். ஆறு போய்ச் சேருகிற அணையில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது, அடையாளம் பார்க்க வாருங்கள் என்றார்கள். ஹர்ஷிணியை முனிராஜ் வீட்டில் அவன் மனைவியிடம் விட்டோம். பிள்ளை காதில் எதுவும் விழக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனோம்.

பிணவறை வாசலில் எஸ்.ஐ. அம்மா நின்றிருந்தார். சின்ன வயது. "தைரியமா இருங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போனேன்.

முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீரும் மீனும் சேர்ந்து தின்றிருந்தன. உதடு இல்லாததால் பல் தெரிந்தது.

வெள்ளை. நம்புவதற்கில்லை, அவ்வளவு வெள்ளை. டிவி விளம்பரத்தில் வருகிற ஆளுக்கு இருப்பது போல வரிசையாக, சுத்தமாக.

"இது அவரு இல்ல" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "எங்க ஊட்டுக்காரருக்குப் பல்லு பழுப்புங்க. பொறந்ததுலருந்து பழுப்பு. கம்ப்ளைண்ட்லயே எழுதியிருக்கு, பாருங்க."

எஸ்.ஐ. அம்மா முனிராஜைப் பார்த்தார். அவன் அந்த உடலின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆளுக்கு இடது கால் கட்டைவிரல் நகம் கோணலாக வளர்ந்திருந்தது. என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான், மோட்டார் தூக்கும்போது காலில் போட்டுக்கொண்டது. மோட்டார் தூக்குகிற எவனுக்குத்தான் நகம் ஒழுங்காக இருக்கிறது? சட்டை துணியெல்லாம் ஆற்றோடு போயிருந்தது, இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு மட்டும் கிடந்தது. அதுவும் எல்லா ஆம்பிளையும் கட்டுவதுதான்.

"பாப்பா ரத்தம் கொஞ்சம் குடுத்தீங்கன்னா டி.என்.ஏ. பாத்துடலாம்கா. ஒரு நிச்சயத்துக்கு."

"எவனோ ஒருத்தனுக்கு எம்பொண்ணு எதுக்குங்க ரத்தம் குடுக்கணும்?"

என் கணவர் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அப்பா, எவ்வளவு பசி. பஸ் ஸ்டாண்டில் இரண்டு தோசை சாப்பிட்டேன். முனிராஜ் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிள்ளைக்கு ஹேர்பேண்ட் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து பால் கறந்துவிட்டு, முனிராஜ் வீட்டுக்குப் போய் ஹர்ஷிணியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். "அது அப்பா இல்ல கண்ணு. யாரோ." எப்படித் தெரியும் என்றாள். தெரியும், உனக்கெதற்கு அதெல்லாம் என்றேன்.

அக்டோபர் 30, வியாழன்

இரண்டாம் தக்காளிக் காட்டுக்கு மருந்து அடித்தோம். வேடியப்பன் கோயிலில் அவர் வந்து சேர்ந்ததும் கிடாய் வெட்டுவதாக வேண்டிக்கொண்டேன்.

பால் சொசைட்டியில் பெண்கள் என் நெற்றியைப் பார்க்கிறார்கள். முன்னெல்லாம் சின்னதாக ஒட்டுப் பொட்டு வைப்பேன். இப்போது குங்குமத்தைக் குழைத்துப் பெரிதாக வைத்துக்கொண்டு போகிறேன். கண் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஹர்ஷிணி அப்பா பேச்சையே எடுப்பதில்லை. தீபாவளி சர்ப்ரைஸ் என்று குதித்துக்கொண்டிருந்தாளே, அதையும் விட்டுவிட்டாள். என்னடி அது என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, சும்மா சொன்னேன்" என்றாள். பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுகின்றன. சரியாகச் சாப்பிடுவதில்லை. பரீட்சைப் பயம்.

நவம்பர் 3, திங்கள்

முனிராஜ் வந்தான். உட்காரவில்லை, வாசற்கால் பக்கத்திலேயே நின்றான்.

"அண்ணி, அந்தக் காலு..."

"காலுக்கு என்ன?"

"நம்ம அண்ணன் காலு அண்ணி. சின்னதுலருந்து பாத்த காலு. எனக்குத் தெரியாதா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கையிலிருந்த பால் சொம்பைத் தரையில் வைத்தேன், எறிந்துவிடுவேனோ என்று பயந்து. "முனிராஜு, வாயத் தொற" என்றேன். விழித்தான். "தொறடா வாய." திறந்தான். அண்ணனுக்கு இருப்பதைவிட அவனுக்குக் கொஞ்சம் கம்மி, ஆனால் அதே பழுப்பு, அதே தண்ணீர்.

"இது போவுமா, சொல்லு. ஒன் ஆயுசுல இது போயி நீ பாத்திருக்கியா?"

"போவாது அண்ணி."

"அப்ப அவன் எப்படி ஒங்கண்ணன் ஆவான்?"

நின்றபடியே அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அவன் கால் என்று சொல்கிறான், நான் பல் என்று சொல்கிறேன். கட்டினவளுக்குத் தெரியாததா தம்பிக்குத் தெரிந்துவிடும்?

நவம்பர் 6, வியாழன்

எஸ்.ஐ. அம்மா போன் செய்தார். யாரும் உரிமை கோராததால் அந்த உடலை இன்று நகராட்சி மயானத்தில் அடக்கம் செய்கிறார்களாம். "கடைசியா ஒரு தடவ கேக்கறேன்கா" என்றார். செய்யுங்கள், எனக்கு என்ன வந்தது என்றேன்.

காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். தலை அரித்தது. வயிறு சரியில்லை, இன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லை. ஹர்ஷிணி சித்தி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு இதையும் இல்லை என்று சொல்லிவிடுவேன்.

பெங்களூர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பெயர் தெரியாத ஆள் ஒருவர் நினைவில்லாமல் கிடக்கிறார் என்று சொசைட்டிக்காரர் சொன்னார். பையில் இரண்டு புடவை வைத்தேன். அவருக்கு ஒரு வேட்டியும் சட்டையும் வைத்தேன். எத்தனை நாள் ஆனாலும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வருவேன், நீ சித்தி வீட்டில் இரு என்று ஹர்ஷிணியிடம் சொன்னேன்.

பையின் காதைப் பிடித்துக்கொண்டாள். "போவாதம்மா."

"அப்பாவக் கூட்டியாற வேணாமா?"

"அப்பா அங்க இருக்க மாட்டாரு."

பிள்ளை மனதில் யாரோ எதையோ போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இவ்வளவு நாள் மறைத்ததைச் சொல்லித்தான் தேற்ற வேண்டும் என்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "கேளு கண்ணு. அம்மா போயி நேராப் பாத்தேன். அந்த ஆளுக்குப் பல்லு வெள்ள வெளேர்னு இருந்துச்சு. ஒங்கப்பாவுக்கு அப்படியா இருக்கு? நீயே சொல்லு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பையின் காதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பாவுக்கு இப்ப அப்படித்தாம்மா இருக்கு."

"என்னடி சொல்ற?"

"ஓசூர்ல ஒரு டாக்டரம்மாகிட்ட போனாரும்மா. கறைய எடுக்க முடியாதாம், ஆனா மறைக்கலாமாம். பல்லு மேல வெள்ளையா என்னமோ பூசி நீல லைட் அடிச்சாங்களாம். எனக்கு வீடியோல காட்டுனாரு. நீ மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்த. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. தீபாவளிக்கு வந்து ஒம்முன்னால நின்னு சிரிக்கணுமாம்."

மாடு கத்திக்கொண்டே இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவர் எனக்குக் காட்ட நினைத்த பல்லை நான் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு, யாரோ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, தோசை தின்றுவிட்டு வந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

சொசைட்டிக்குப் பால் ஊற்றவில்லை.

நவம்பர் 12, புதன்

முனிராஜோடு ஸ்டேஷனுக்குப் போனோம். எஸ்.ஐ. அம்மா ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. ஓசூர் டாக்டரம்மாவை விசாரித்துக் கண்டுபிடித்து, போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மேல் வரிசையும் கீழ் வரிசையும் முன்பல்லுக்கெல்லாம் பூசியதாக அந்த அம்மா சொன்னார். "டீ காபி கொஞ்ச நாளைக்கு வேணாம், நெறம் ஏறிடும்னு சொன்னேன். டீயவே விட்டுடறேன் மேடம்னாரு. கண்ணாடியக் குடுத்தா திருப்பித் தரவே மாட்டேன்னுட்டாரு. ஆளு நல்லாருக்காருல்ல?" என்று கேட்டார். எஸ்.ஐ. அம்மா போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஹர்ஷிணி ரத்தம் கொடுத்தாள். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ரிசல்ட் வந்து, தாசில்தார் உத்தரவு போட்டால், எடுத்து எங்கள் காட்டில் அடக்கம் செய்துகொள்ளலாமாம்.

வீட்டுக்கு வந்து டப்பாவில் வைத்திருந்த அதிரசத்தைக் கொட்டினேன். அப்போதுதான் அழுதேன். முனிராஜின் மனைவி ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். "என்ன மன்னிச்சுடுங்க, என்ன மன்னிச்சுடுங்க" என்று ஊர் கேட்க அலறினேனாம். எனக்கு அது நினைவில்லை, அவள் சொல்லித்தான் தெரியும்.

நவம்பர் 14, வெள்ளி

மயானத்துக்குப் போனோம். நானும் வருவேன் என்று ஹர்ஷிணி பிடிவாதம் பிடித்தாள், கூட்டிப் போனேன். அங்கே இருந்தவர் புதர் ஓரமாக அழைத்துப் போனார். பெயரில்லாமல் புதைத்த மண்மேடுகள் வரிசையாக இருந்தன. மழையில் எல்லாம் ஒன்றுபோல் அமுங்கியிருந்தன.

"இதுவா இருக்கும்மா. இல்லன்னா அந்தாண்ட இருக்கறது. ரெஜிஸ்தரப் பாத்தாத்தான் நிச்சயமாத் தெரியும்."

இரண்டுக்கும் பூப்போட்டேன். ஹர்ஷிணி இரண்டுக்கும் கற்பூரம் ஏற்றினாள். காற்றில் ஒன்று அணைந்தது, மறுபடி ஏற்றினாள். முனிராஜ் தள்ளி நின்றான். அவன் என்னைத் திட்டலாம். அவன் காலைச் சொன்னபோது நான் கேட்டிருந்தால் அண்ணனுக்கு அவன் கையாலேயே மண் போட்டிருப்பான். அவன் திட்டவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறது அண்ணி என்று மட்டும் சொன்னான்.

திரும்பும்போது ஜன்னல் ஓரம் ஹர்ஷிணி. முனிராஜ் முன்சீட்டில். பாதி வழியில் என் பக்கம் திரும்பி, "அம்மா" என்றாள்.

"நான் மொதல்லயே சொல்லியிருந்தா அப்பாவ அங்க போட்டிருக்க மாட்டாங்கல்ல?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதினோரு வயதுப் பிள்ளை இந்தப் பாரத்தை ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டுமா? ஒரு பொய் சொன்னால் இறங்கிவிடும் என்றால் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன்.

"நீ சொன்னாலும் சொல்லாட்டியும் எனக்குத் தெரியும் பாப்பா. பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சு. இத்தன வருசம் கூட வாழ்ந்தவ, எனக்கு ஒங்கப்பாவத் தெரியாதா?"

சொல்லி முடித்தபின்தான் அதில் பொய்யே இல்லை என்று தெரிந்தது. பிணவறை வாசலில் கால் வைத்தபோதே எனக்குத் தெரியும். படுத்திருந்த நீளம் தெரியும். கையை வைத்திருந்த விதம் தெரியும். அந்த வெள்ளைப் பல் மட்டும் எனக்கு ஒரு வழியைக் காட்டியது, அதைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

"அப்பறம் ஏம்மா இல்லன்னு சொன்ன?"

"இல்லன்னு சொல்லிட்டா வந்துருவாருன்னு நெனச்சேன்."

அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, முனிராஜுக்குக் கேட்காத மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"நானும் அதாம்மா. நீங்க பாத்துட்டு வந்த அன்னைக்கே சித்தப்பா சித்திகிட்ட சொன்னாரு, வெள்ளப் பல்லுன்னு. நான் கதவுக்குப் பின்னால இருந்தேன். நாஞ் சொல்லாத வரைக்கும் அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."